கட்டுப்படியாகுமா?

வாசலில் கூடையை இறக்கிய கறிகாய்க்காரி, நாம் கேட்ட விலைக்கு, "கட்டுப்படியாகாதம்மா!" என்று கூடையைத் தூக்குகிறாள். நீங்கள் என்ன செய்வீர்கள்? மார்க்கெட்டில் அன்று கத்தரிக்காய் என்ன விலை என்று தெரிந்தவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். தெரியாதவர் கேட்ட காசைக் கொடுத்துவிடுவார். வித்தியாசம் சாமர்த்தியத்தில் இல்லை. கணக்குத் தெரிவதில்தான் இருக்கிறது.

இதே "கட்டுப்படியாகாது" என்ற பேச்சு லண்டனில் ஹைகோர்ட் வரைக்கும் போன கதையை இந்த வாரம் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஒரு மனையில் நிறைய வீடுகள் கட்ட அனுமதி கேட்டால், அவற்றில் ஒரு பங்கைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு எட்டக்கூடிய வாடகையிலோ விலையிலோ தரவேண்டும் என்று நகர சபை கேட்கும். "அவ்வளவு கொடுத்தால் எனக்குக் கட்டாது" என்று கட்டுபவர் சொன்னால், கணக்கைக் காட்டவேண்டும்.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. வீடுகளை விற்றால் இவ்வளவு வரும். செங்கல், சிமெண்டு, கூலி, வட்டி என்று இவ்வளவு போகும். கட்டுபவருக்கு லாபம் இவ்வளவு. மிச்சம் நிற்பதுதான் மனைக்குக் கொடுக்கத்தக்க விலை. ஆக, மனை விலை கடைசி வரியில் வரவேண்டியது. அதை முதல் வரியில் எழுதிவிட்டால்? பிறகு எதையாவது வெட்டித்தானே ஆகவேண்டும்! வெட்டுப்படுவது ஏழைகளின் வீடுகள்தாம்.

வட லண்டனில் இஸ்லிங்டன் என்று ஒரு பகுதி. அங்கே பார்க்ஹர்ஸ்ட் ரோடில் பழைய ராணுவப் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. ஒரு கம்பெனி 2013-இல் அந்த மனையை 1 கோடியே 32½ லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு வாங்கியது. பிறகு 96 வீடுகள் கட்ட அனுமதி கேட்டது. புது வீடுகளில் பாதியாவது எளியவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பது அந்த நகர சபையின் குறிக்கோள். கம்பெனியோ, விசாரணையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தர இயலாது என்றது. "பக்கத்து மனைகளும் இந்த விலைக்குத்தானே போயின?" என்றும் வாதாடியது.

நகர சபை விடவில்லை. "எங்கள் விதியை மதித்து வாங்கியிருந்தால், அந்த மனை 67½ லட்சம் பவுன்தான் பெறும்" என்றது. அந்த விலையை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு வீடுகளைத் தரலாம். இரண்டு கணக்குக்கும் நடுவே நிற்பவை இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் என்பதைக் கவனியுங்கள்!

2017-இல் விசாரணை அதிகாரி நகர சபையின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2018-இல் நீதிபதி ஹோல்கேட் அதை உறுதிப்படுத்தினார். விதியை அலட்சியம் செய்து ஒருவர் அதிக விலை கொடுப்பார். அதையே சாட்சியாகக் காட்டி அடுத்தவர் கொடுப்பார். கடைசியில் அதுதான் மார்க்கெட் விலை என்றால், விதி எதற்கு?

அதே ஆண்டு இங்கிலாந்து அரசாங்கமும் தன் வழிகாட்டு விதிகளைத் திருத்தியது. மனைக்குக் கொடுத்த விலையைச் சாக்காகச் சொல்லக்கூடாது என்றது. இந்தக் கணக்குகள் பொதுவாக மக்கள் பார்வைக்கு வரவேண்டும் என்றும் சொன்னது. கட்டுபவருக்கு லாபமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை லாபம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த விதிகளே இடம் தருகின்றன.

மார்க்கெட்டில் ஏமாந்து கூடுதல் விலைக்கு வாங்கிய கறிகாய்க்காரியிடம் நமக்கு அனுதாபம் உண்டு. அவள் ஏழை, போனால் போகிறதென்று நாலு காசு கூடக் கொடுப்போம். ஆனால், விதி தெரிந்தே விலையை ஏற்றி வாங்கிவிட்டு, அந்த நஷ்டத்தை வீடில்லாத குடும்பத்தின் தலையில் இறக்கப் பார்ப்பவரிடம் அந்தத் தாட்சண்யம் எதற்கு?

"கட்டுப்படியாகாது" என்று யாராவது சொன்னால், "யாருக்கு?" என்று கேட்டுவிடுங்கள், சகோதரிகளே. கூடவே, கணக்கையும் கேளுங்கள்.