டிவி பெட்டியும் வேகக் காரும்: சாவி யாரிடம்?

2022 நவம்பரில் மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி அமெரிக்காவில் ஒரு புதுச் சரக்கை விற்பனைக்கு வைத்தது. பெயர் 'ஆக்சிலரேஷன் இன்க்ரீஸ்'. வருடத்துக்கு 1,200 டாலர், வரி தனி. ஈக்யூஇ 350 என்ற மின்சாரக் கார் வைத்திருப்பவர் இந்தக் காசைக் கட்டினால், நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 6 விநாடி எடுத்துக்கொண்ட அதே கார் 5.1 விநாடியில் தொடும். மோட்டாரின் திறன் 215 கிலோவாட்டிலிருந்து 260 கிலோவாட்டாக ஏறும்.

இதற்கு மெக்கானிக் வரத் தேவையில்லை. ஒரு நட்டு, ஒரு போல்ட் கூட மாறாது. அந்த 45 கிலோவாட்டும் கார் ஷோரூமை விட்டு வெளியே வந்த அன்றே உள்ளேதான் இருந்தது. காசு கொடுத்து வாங்கியவர் அதை இழுத்துக்கொண்டுதான் ஊர் சுற்றினார். பயன்படுத்த மட்டும் அனுமதி இல்லை.

கார் பிரியர்கள் கொதித்துப் போனார்கள். வீட்டைக் கட்டி விற்றுவிட்டு, மாடிப்படிக்கு மட்டும் மாத வாடகை கேட்பதைப் போல இருக்கிறது என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் இந்த வித்தை கார்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஹாலில் டிவிக்குப் பின்னால் சொருகியிருக்கிறதே ஒரு சின்னக் குச்சி, அது விற்கிறவர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்து முடித்துவிட்டார்கள்.

ரோகு கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். 2008-ல் நெட்ஃபிளிக்ஸ் படங்களை டிவியில் காட்ட 100 டாலருக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தவர்கள். 2024-ல் இவர்களின் மொத்த வருமானம் சுமார் 411 கோடி டாலர். அதில் சுமார் 352 கோடி விளம்பரம், சந்தாப் பங்கு போன்றவற்றிலிருந்து வந்தது. பெட்டி, குச்சி விற்றதில் வந்தது சுமார் 59 கோடிதான், அதுவும் மொத்த நஷ்டத்தில். பி.காம் முதல் வருடத்தில் வியாபாரக் கணக்கு போடும்போது மொத்த நஷ்டம் வந்தால் 'எங்கேயோ தப்பு பண்ணிட்டே' என்று வாத்தியார் நோட்டைத் திருப்பித் தருவார். இங்கே அது தப்பில்லை, திட்டம். ரேஸரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கிற பழைய கதையேதான். ஒரு வித்தியாசம், அந்த ரேஸருக்கு வேறு கம்பெனி பிளேடு கிடைக்கும்.

அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கும் இந்த ஜாதிதான். (அதைச் சென்னையில் தயாரிக்கப் போவதாக 2021 பிப்ரவரியில் அமேசான் அறிவித்தபோது இங்கே கொஞ்சம் பெருமைப்பட்டவர்கள் உண்டு.) குச்சியை வாங்கியாயிற்று, பிரைம் சந்தாவும் கட்டியாயிற்று. 2025 ஜூனில் இந்தியாவில் பிரைம் வீடியோவில் விளம்பரம் வர ஆரம்பித்தது. வேண்டாம் என்றால் வருடத்துக்கு 699 ரூபாய் கூடுதல். குச்சி அப்படியேதான் இருக்கிறது. மாறியது பேரம், அதுவும் ஒரு பக்கத்திலிருந்து.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படம் எடுக்கக் காசு வேண்டும், விளம்பரமோ சந்தாவோ ஏதோ ஒன்று வரத்தான் செய்யும். பொறுக்க முடியாத விஷயம் வேறு. அதற்கு ஸ்லிங்பாக்ஸின் கதை தெரிய வேண்டும். இன்று ஸ்ட்ரீமிங் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள்.

பிளேக் கிரிகோரியன், ஜேசன் கிரிகோரியன் என்று இரண்டு சகோதரர்கள். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். 2002-ல் அந்த அணி உலகத் தொடர் வரை போனது. இவர்களோ வேலை விஷயமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம், ஹோட்டல் அறையில் உட்கார்ந்து அந்த மேட்சைப் பார்க்க முடியவில்லையே என்ற எரிச்சலில் பிறந்ததுதான் ஸ்லிங்பாக்ஸ். 2005 ஜூன் 30 அன்று 249.99 டாலர் விலையில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. வீட்டு கேபிள் பெட்டியின் வயரை இதில் சொருகிவிட வேண்டும். படத்தை இது சுருக்கி இன்டர்நெட் வழியாக எங்கேயோ இருக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நீங்கள் அங்கிருந்து சானல் மாற்றினால், இங்கே ரிமோட்டின் அகச்சிவப்பு சிக்னலை இதுவே கேபிள் பெட்டிக்குக் காட்டும். மாதச் சந்தா கிடையாது. யூடியூபே அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது, நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெட்டி! 2007-ல் எக்கோஸ்டார் நிறுவனம் சுமார் 38 கோடி டாலர் கொடுத்து கம்பெனியையே வாங்கிப் போட்டது.

பிறகு காலம் மாறியது. சானல்களே நேரடியாக ஆப் விட ஆரம்பித்துவிட்டன. 2020 நவம்பர் 9 அன்று ஸ்லிங்பாக்ஸை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. சரியாக இரண்டு வருடம் கழித்து, 2022 நவம்பர் 9 அன்று, சர்வர்களை அணைத்தார்கள். அன்றோடு ஸ்லிங்பாக்ஸ்கள் செயலிழந்தன. எரிந்துபோகவில்லை, பழுதாகவில்லை. மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரியும். அவ்வளவுதான்.

இதில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், படம் அந்த சர்வர் வழியாகப் போகவே வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நேராக உங்களிடம் வரக்கூடியது. 'இந்த ஆளுடைய பெட்டி இந்த முகவரியில் இருக்கிறது' என்று வழி காட்டுகிற வேலையும், ஆள் யார் என்று சரிபார்க்கிற வேலையும்தான் சர்வருடையது. வழி சொல்கிறவர் ரிட்டயர் ஆனதும் வீட்டையே இடித்த மாதிரி. ஒரு ஆர்வலர் 'ஸ்லிங்கர்' என்று ஒரு நிரல் எழுதி இலவசமாகக் கொடுத்தார். கொஞ்சம் மெனக்கெட்டால் அதை வைத்து சில மாடல்களை ஓட்ட முடிந்தது. தனி ஆளால் முடிந்ததைக் கம்பெனி ஒரு கடைசி அப்டேட்டாகக் கொடுத்திருக்க முடியாதா என்ன?

மூடுகிற எண்ணம் இல்லாமலே பெட்டி சாகலாம் என்பதற்கு கூகுள் உதாரணம். 2015-ல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட், 2025 மார்ச்சில் ஒரு நாள் திடீரென்று உலகம் முழுக்க வேலை செய்ய மறுத்தது. கருவிகள் உண்மையானவைதான் என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் பத்து வருட ஆயுள் முடிந்துவிட்டது. அதைக் கவனிக்க ஆளில்லை. சில நாட்களில் சரிசெய்தார்கள், பாராட்டலாம். ஆனால் வாங்கிய பொருளுக்குள் பத்து வருடக் கெடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது வாங்கியவர்களுக்குத் தெரியாது.

35 டாலர் குச்சி போனால் போகட்டும் என்று விடலாம். இதே ஏற்பாடு 75,000 டாலர் காருக்குள் வரும்போது அப்படி விட முடியுமா?

கார்காரர்கள் தரப்பையும் சொல்லிவிட வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. ஒரே இன்ஜினை இரண்டு டியூனிங்கில் இரண்டு விலைக்கு விற்பது ரொம்பப் பழைய வழக்கம். பொருளியல் பாடத்தில் விலை பேதம் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. வேகம் வேண்டாதவருக்குக் குறைந்த விலையில் கார் கிடைக்கிறது, வேண்டுகிறவர் கூடுதலாகக் கொடுக்கிறார். 2019 டிசம்பரில் டெஸ்லா, மாடல் 3 லாங் ரேஞ்ச் காருக்கு 2,000 டாலர் வாங்கிக்கொண்டு 60 மைல் வேகத்தை 4.4 விநாடியிலிருந்து 3.9 விநாடிக்குக் கொண்டுவந்தது. ஒரே தடவை பணம், அதோடு சரி. இதில் பெரிய குற்றம் காண முடியாது. கொடுக்கிற பணம் இவ்வளவு, கிடைப்பது இவ்வளவு என்று முதல் நாளே தெரிகிறது.

ஆனால் அதே டெஸ்லாதான் 75 கிலோவாட் மணி பேட்டரியை வைத்து, மென்பொருளில் 60 என்று பூட்டி மாடல் எஸ் விற்றது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடாவை நெருங்கியபோது, தப்பி ஓடுகிறவர்களுக்காக அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. சுமார் 30 மைல் கூடுதலாக ஓடியிருக்கும். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. எங்கேயோ உட்கார்ந்து திறக்க முடிகிறது என்றால் எங்கேயோ உட்கார்ந்து பூட்டவும் முடியும் என்பது மட்டும் அன்றைக்குப் பலருக்கு உறைக்கவில்லை. கணக்கியலில் சொத்துக்கு இலக்கணம் சொல்லும்போது கட்டுப்பாடு யாரிடம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பணம் முழுக்க ஒருவர் கட்டி, கட்டுப்பாடு இன்னொருவரிடம் இருந்தால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மாதச் சந்தா என்று வரும்போது விஷயம் இன்னும் கோணலாகிறது. பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட் சூடாக்குவதற்கு மாதாமாதம் காசு கேட்டு, 2022-ல் உலகமே சிரித்து, 2023-ல் அந்த யோசனையைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் ஃபோக்ஸ்வாகன் பிரிட்டனில் அதே வழிக்கு வந்தது. ஐடி.3 ஒன்றும் ரேஸ் கார் இல்லை, இருந்தாலும் அதன் 201 குதிரைத்திறனை 228 ஆக்க மாதம் 16.50 பவுண்ட், அல்லது ஒரேயடியாக 649 பவுண்ட். இன்சூரன்ஸ் ஏறுமா என்று கேட்டால் ஏறாதாம், கார் பதிவாகும்போதே 228 என்றுதான் பதிவாகிறதாம். ஆக, கூடுதல் திறன் காரில் இருப்பது இன்சூரன்ஸ்காரருக்குத் தெரிகிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. இதை நல்ல செய்தியாக வேறு சொல்கிறார்கள்.

எல்லாரையும் ஒரே கூடையில் போட வேண்டாம். ஹூண்டாய் 2023-ல் கொண்டுவந்த ஐயானிக் 5 என் காரில், இல்லாத கியரை மாற்றுவது போன்ற நடிப்பு உண்டு, ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தமும் உண்டு. பழைய பெட்ரோல் ஆட்கள் கேலி செய்யலாம். ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனை அழுத்தினால் பத்து விநாடிக்கு 650 குதிரைத்திறன் வரை பாயும். இவ்வளவும் காரின் விலைக்குள். மாதம் பிறந்தால் பட்டன் மறுபடி காசு கேட்பதில்லை. சமீபத்திய வேகக் கார்களில் வாங்குகிறவரை மதித்துச் செய்த கார் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

சரி, ஸ்லிங்பாக்ஸுக்கு நடந்தது காருக்கு நடக்குமா? நடந்தே விட்டது. ஃபிஸ்கர் கம்பெனியின் ஓஷன் என்ற எஸ்யூவி, உயர்ந்த மாடலில் 60 மைல் வேகத்தை நான்கு விநாடிக்குள் தொடும். கம்பெனி 2024 ஜூனில் திவாலானது. கையிருப்பில் இருந்த 3,000க்கும் மேற்பட்ட கார்களை நியூயார்க்கில் வாடகைக் கார் தொழில் செய்யும் ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்க ஒப்புக்கொண்டது. அக்டோபரில் ஒரு குண்டு விழுந்தது. கார்களின் தகவல் முழுக்க ஃபிஸ்கரின் சர்வரில் இருக்கிறது, அதை வேறு சர்வருக்கு மாற்ற முடியாது என்றார்கள். புத்தம்புதுக் கார், பேட்டரி நிறைய சார்ஜ், சக்கரம் நான்கும் சரியாக இருக்கிறது, ஆனால் பேச வேண்டிய சர்வருக்குத்தான் ஆள் இல்லை. ஏற்கனவே வாங்கியவர்கள் சங்கம் அமைத்து, உதிரி பாகத்துக்கும் மென்பொருளுக்கும் தாங்களே அலைய வேண்டியதாயிற்று.

திவாலாக வேண்டும் என்றுகூட இல்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏடி அண்டு டி தன் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த பல கார்களில் இணைய வசதிகள் போயின. சிலவற்றில், விபத்து நடந்தால் தானாக உதவிக்கு அழைக்கும் வசதியும் சேர்ந்து போனது. கார் பதினைந்து, இருபது வருடம் ஓடுகிற பொருள். சர்வருக்கும் சிம்முக்கும் அந்த ஆயுள் இல்லை. இந்த ஒரு கணக்கைத்தான் விற்கும்போது யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

போட்டுக் காட்ட வைக்க முடியும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, இணையத்தோடு சேரும் வீட்டுக் கருவிகளை விற்பவர்கள், குறைந்தபட்சம் எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லாததன் லட்சணத்தை அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷனின் அலுவலர்கள் 2024-ல் பார்த்தார்கள். 184 கருவிகளின் பக்கங்களைப் புரட்டியதில் 163 கருவிகளுக்கு அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்ற தகவலே இல்லை. பால் பாக்கெட்டில் தேதி போடுகிறார்கள், இருமல் மருந்தில் போடுகிறார்கள். குரோம்காஸ்ட் டப்பாவில் '2025 வரை' என்று அச்சடித்திருந்தால் மை ஒன்றும் தீர்ந்துபோயிருக்காது.

கார் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. குதிரைத்திறன், எடை, நூறைத் தொடும் விநாடி என்று கட்டம் போட்டு அட்டவணை தருகிறார்களே, அதில் இன்னும் மூன்று கட்டம் சேர்க்கட்டும். அந்த வேகம் காரோடு சேர்ந்து விற்கப்படுகிறதா, மாதக் கணக்கிலா? இரண்டாம் கையாக வாங்குகிறவருக்கும் அது போய்ச் சேருமா? கம்பெனி சர்வரை அணைத்தால் கார் எத்தனை விநாடியில் நூறைத் தொடும்?