ரப்பருக்கு அனுமதி இல்லை!

தம்பி, தங்கைகளே! புது வகுப்புக்குப் போய், நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி முடித்தாயிற்று. கணக்கு வகுப்பில் முதல் நாள் என்ன நடக்கும்? பாடம் நடக்காது. சட்டதிட்டம்தான் நடக்கும்!

"ரஃப் நோட்டு தனி, ஃபேர் நோட்டு தனி. மார்ஜின் போடணும். எல்லாப் படியும் எழுதணும். தப்பா வந்தா அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடிச்சுட்டுக் கீழே எழுதணும். கடைசியில விடையைச் சரிபார்க்கணும். அடுத்தவன் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. ஹோம் ஒர்க் முடிக்காம வந்தா..." என்று சாரோ, மிஸ்ஸோ கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவார்கள். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் மறந்துவிடுவீர்கள்.

எண்கள் மட்டுமே இருந்த கணக்குக்குள் எழுத்துகளும் வந்து உட்காரும் பாடம்தான் இயற்கணிதம். ஆறாம் வகுப்பில் லேசாக எட்டிப் பார்க்கும். ஒன்பது, பத்து வந்தால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அந்த வகுப்பில் பிள்ளைகளுக்குப் பிடிக்காத விதி எது என்று கேட்டால், 'எல்லாப் படியும் எழுது. தப்பை அழிக்காதே' என்பதைத்தான் சொல்வார்கள். "விடை சரியா இருந்தாப் போதாதா சார்? எப்படி வந்தா என்ன?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால், இன்று அந்த ஒரு விதிக்காக உங்களிடம் வக்காலத்து வாங்கப் போகிறேன். வேறொரு விதியைத் திட்டவும் போகிறேன், பயப்படாதீர்கள்!

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்துதான் கணக்குப் போடுவேன். விடை தப்பு என்று தெரிந்தால், காகிதம் கிழிகிற அளவுக்கு அழிப்பேன். பிறகு பக்கத்தில் இருக்கும் நண்பனின் நோட்டைப் பார்த்து, சரியான விடையை எழுதிவிடுவேன். நோட்டைப் பார்த்தால் நான்தான் வகுப்பில் முதல் மாணவன். பரீட்சைத் தாளைப் பார்த்தால் நூற்றுக்கு முப்பது! "எனக்குக் கணக்கு வராது. என் மூளை அப்படி" என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வீட்டிலும் அதையே சொன்னேன். அவர்களும் நம்பிவிட்டார்கள்.

ஒரு நாள் கணக்கு சார் என் நோட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அழித்த இடத்தில் பென்சில் தடம் லேசாகத் தெரியும் அல்லவா? அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நாலைந்து பக்கம் புரட்டியவர், "டேய், உனக்குக் கணக்கெல்லாம் வருது. அடைப்புக்குறிக்கு முன்னால மைனஸ் வந்தா, உள்ளே இருக்கிற ரெண்டாவது எண்ணுக்குக் குறி மாத்த மறந்துடறே. எல்லாக் கணக்கிலும் இதே ஒரு தப்புதான். இதை அழிச்சு அழிச்சு எங்கிட்டேருந்து மறைச்சுட்டியே!" என்றார்.

ஒரே ஒரு தப்பு! அதற்காக ஒரு வருடம் முழுக்க நான் 'மக்கு' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது என்ன தப்பு என்று நீங்களும் பாருங்கள். உங்கள் கையில் 20 ரூபாய் இருக்கிறது. ஒரு பேனா வாங்குகிறீர்கள். கடைக்கார அண்ணாச்சி விலையில் 3 ரூபாய் குறைத்துக்கொண்டார். மிச்சம் 15 ரூபாய் கையில் இருக்கிறது. பேனாவின் உண்மையான விலை என்ன? விலை தெரியாததால், அதற்கு 'க' என்று பெயர் வைப்போம்.

20 - (க - 3) = 15

நான் எப்படிப் போடுவேன் தெரியுமா? அடைப்புக்குறியைச் சும்மா எடுத்துவிட்டு, 20 - க - 3 = 15 என்று எழுதுவேன். அதாவது 17 - க = 15. விடை, க = 2. பேனா 2 ரூபாய்! 2 ரூபாய்ப் பேனாவுக்கு 3 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால், அண்ணாச்சி பேனாவையும் கொடுத்து, கூடவே ஒரு ரூபாயும் தர வேண்டும். எந்த ஊர் அண்ணாச்சி அப்படித் தருவார்?

தள்ளுபடி 3 ரூபாய் உங்கள் கைக்குத் திரும்பி வருகிற பணம். அதனால் அது கூட்டலாகத்தான் மாற வேண்டும். 20 - க + 3 = 15. அதாவது 23 - க = 15. க = 8. சரிபார்ப்போமா? 8 ரூபாய்ப் பேனா, தள்ளுபடி போக 5 ரூபாய். 20-ல் 5 போனால் 15. சரி!

க = 2 என்ற விடையை மட்டும் பார்த்தால், நான் எங்கே தடுக்கினேன் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் உள்ள ஒரு வரியைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன், பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பெயரில் வரும் 'அல்-ஜபர்' என்ற அரபுச் சொல்லில் இருந்துதான் 'அல்ஜீப்ரா' பிறந்தது. உடைந்ததை மறுபடி சேர்த்து முழுமையாக்குவது என்பது அந்தச் சொல்லின் பொருள். ஸ்பெயின் நாட்டில் ஒரு காலத்தில், முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுபவருக்கும் அதே சொல்லில் இருந்து 'அல்ஹெப்ரிஸ்தா' என்று பெயர் வந்தது. நம்மூர் மாவுக்கட்டு வைத்தியர் மாதிரி! கையில் எலும்பு முறிந்தால் முதலில் எக்ஸ்ரே எடுக்கிறோம். எந்த இடத்தில் முறிந்தது என்று தெரியாமல் கட்டுப் போட முடியுமா? உங்கள் தப்பான வரிதான் அந்த எக்ஸ்ரே. ரப்பரை எடுத்துத் தேய்த்தால், போவது எக்ஸ்ரே மட்டும்தான். முறிவு அப்படியே இருக்கும்.

இப்போது உங்களில் ஒரு வாலு எழுந்து, "ராமானுஜன் மட்டும் படி எழுதினாரா? அவர் விடையை மட்டும்தானே எழுதினார்?" என்று கேட்கும். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்!

உண்மைதான். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச ராமானுஜன், கணக்கை எல்லாம் சிலேட்டில் போட்டார். காகிதம் வாங்க வசதி இல்லை. துணியைத் தேடி எடுத்து அழிக்க நேரமாகும் என்று முழங்கையாலேயே அழிப்பாராம். முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். இப்படி அவருடைய நோட்டுகளில் சேர்ந்தவை மூவாயிரத்துக்கும் மேல்.

அதனால் என்ன ஆயிற்று? 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர், இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குத் தன் முடிவுகளை எழுதி அனுப்பினார். ஹார்டி அசந்து போனார். ஆனால், அடுத்த மாதமே அவர் எழுதிய பதிலில் என்ன கேட்டார் தெரியுமா? இவற்றுக்கு நிரூபணம் அனுப்புங்கள் என்றார். அதாவது, நம் கணக்கு சார் கேட்கிற அதே படிகள்! பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதியிருந்த முடிவு ஒன்று சரியில்லை என்பதும் பிறகு தெரிந்தது. ராமானுஜனுக்கே சறுக்கியிருக்கிறது என்றால், நமக்குச் சறுக்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

1920-ல், 32 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அந்தச் சிலேட்டில் என்ன இருந்தது என்று கேட்க ஆள் இல்லை. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட், மற்ற அறிஞர்கள் சிலரின் உதவியோடு, அந்த நோட்டுகளில் இருந்த ஒவ்வொரு முடிவுக்கும் படி கண்டுபிடித்து எழுதினார். 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய புத்தகங்களாக அவை வெளிவந்தன. முழங்கை அழித்ததைத் தேடி எடுக்க எத்தனை பேர், எத்தனை வருடம் பாருங்கள்! கையில் காகிதம் இருந்திருந்தால், ராமானுஜனே அதையெல்லாம் எழுதி வைத்திருக்கலாம். உங்களுக்கு ஒரு குயர் நோட்டு கடையில் கிடைக்கிறது. பிறகு என்ன கஞ்சத்தனம்?

மார்க் விஷயமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களிடம், ஒவ்வொரு படிக்கும் எத்தனை மார்க் என்று பிரித்துக் காட்டும் விடைக்குறிப்பு இருக்கும். கடைசி வரியில் சறுக்கினாலும், அதுவரை போட்ட படிகளுக்கு மார்க் உண்டு. விடையை மட்டும் எழுதி, அதுவும் தப்பாகிவிட்டால் முட்டைதான்!

இப்போது ஆசிரியர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். இந்தப் பக்கத்தை அவர்களும் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தப்பை அழிக்காதே என்று சொன்னால் போதுமா? தப்பைக் காட்டும் பிள்ளையை நோட்டைத் தூக்கிக் காட்டி வகுப்பே சிரிக்கும்படி செய்தால், அந்தப் பிள்ளை மறுநாள் ரப்பரைத்தான் எடுக்கும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனம் நோகும்படி துன்புறுத்தவும் கூடாது என்கிறது. பிரம்பு போனது நல்லதுதான். 'இதுகூடத் தெரியலையா?' என்ற கேள்வியும் பிரம்போடு சேர்ந்து போக வேண்டும் என்பது என் கட்சி. அதேபோல, ஒரே சந்தேகத்தை இரண்டாம் தடவை கேட்கலாம் என்று முதல் நாள் விதிகளிலேயே எழுதிப் போட்டுவிடலாம்.

நான் திட்டப் போவதாகச் சொன்ன விதி, இம்போசிஷன். தப்பாகப் போட்ட கணக்கின் சரியான விடையைப் பத்துத் தடவை எழுதி வரச் சொல்வது. நானும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது தடவையிலேயே கை மட்டும்தான் எழுதும். மனசு கிரிக்கெட் ஆடப் போய்விடும். முதலில் எல்லாத் தடவைக்கும் '20' எழுதி, பிறகு எல்லாத் தடவைக்கும் மைனஸ் போட்டு, மேலிருந்து கீழாகவே முடித்த கில்லாடிகளும் எங்கள் வகுப்பில் உண்டு! அதற்குப் பதில், அதே மாதிரியான புதுக் கணக்கு மூன்று கொடுத்தால் போதும். பத்தில் இல்லாத பலன் அந்த மூன்றில் இருக்கும்.

காப்பி அடிப்பது பற்றித் தனியாகப் பிரசங்கம் செய்யப் போவதில்லை. நண்பனிடம் கேட்டுப் போடுங்கள், தப்பே இல்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, அவன் சொன்னதை உங்களால் மறுபடி போட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியவில்லை என்றால், இன்னொரு தடவை அவனிடமே கேளுங்கள்.

சரி, இப்போது ரப்பரை ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டு மூடிவிட்டு, பேனாவை எடுங்கள்.

30 - (க - 4) = 22

விடையை நான் தலைகீழாக அச்சடித்துத் தரப் போவதில்லை. உங்களுக்கு வந்த எண்ணை 'க' இருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள். 22 வந்தால் சரி. வராவிட்டால், அந்த வரியை ஒரு கோடு மட்டும் போட்டு அடித்துவிட்டு, அடுத்த வரியில் மறுபடி தொடங்குங்கள்.