செந்நிறக் கடற்கரை

சென்ற வாரம் நம் பிரயாணத்தைப் பிரேயஸ் துறைமுகத்தில், கப்பல் ஏணியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிறுத்தியிருந்தேன். அப்படியே ஒரு வாரம் நிற்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் நேயர்களை உடனே கப்பலில் ஏற்றி, ஈஜியன் கடலில் தெற்கு நோக்கி அழைத்துச் சென்று, சாந்தோரினித் தீவில் இறக்கிவிடுகிறேன்.

கிரேக்கர்கள் இந்தத் தீவைத் தீரா என்று அழைக்கிறார்கள். இதன் வெள்ளை வீடுகளையும், நீலக் கும்மட்டங்களையும், ஓயா கிராமத்துச் சூரியாஸ்தமனத்தையும் நாட்காட்டிப் படங்களில் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அஸ்தமனத்தைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் பார்த்ததென்னவோ முன்னால் நின்ற ஐந்நூறு பேருடைய பிடரிகளைத்தான்.

தீவு என்றால் கடலோரத்தில் தாழ்வாகத் தொடங்கி மெள்ள மெள்ள உயரும் நிலம் என்று நான் எண்ணியிருந்தேன். இங்கே அந்த எண்ணம் தலைகீழாயிற்று. கப்பல் உள்ளே நுழைந்ததும் இரு மருங்கிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள் எழுந்தன; சில இடங்களில் 300 மீட்டர் உயரம் இருக்கும். கருமை, செம்மை, சாம்பல், வெண்மை என்று அடுக்கடுக்காக நிறங்கள். உச்சியில் வெள்ளைப் பூச்சு வைத்தாற்போல் வீடுகள். கப்பல் மிதக்கும் அந்த அகன்ற நீர்ப்பரப்பு முழுவதும் ஓர் எரிமலையின் வாய் என்று என் மைத்துனர் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து உரக்க வாசித்தார். என் மனைவி கப்பலின் கைப்பிடியைச் சற்று இறுகப் பற்றிக்கொண்டாள்.

மைத்துனரைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் தேக புஷ்டி வாய்ந்தவர். பழைய துறைமுகத்திலிருந்து பீரா நகரத்துக்கு ஏறும் நெடும் படிக்கட்டில் கோவேறு கழுதைகள் ஆட்களைச் சுமந்து செல்கின்றன. அவற்றின் முதுகில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றக் கூடாதென்று கிரேக்க சர்க்கார் 2018-ஆம் ஆண்டில் விதி செய்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்டவுடன், கம்பி வண்டியிலேயே போய்விடலாம் என்று மைத்துனர் தாமாகவே முன்வந்தார். அவருடைய எடை என்னவென்று நான் கேட்கவில்லை. சட்டத்தை மதிக்கும் குணம் அவரிடம் இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் மறுநாள் வரையில்தான் நீடித்தது.

மறுநாள்தான் தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள அக்ரோத்திரிக்குப் போனோம். பேருந்து வண்டியை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், பாறையோடு ஒட்டிக்கொண்டாற்போல் ஒரு சின்னஞ் சிறு வெள்ளைக் கோயில் இருக்கிறது. கடலோடிகளின் காவலரான புனித நிக்கோலாஸின் கோயில் அது. அதற்கு அப்பால் பாதை ஒரு முனையைச் சுற்றி ஏறுகிறது. முனையில் நின்று கீழே பார்த்தேன். ஒரு கணம் பேச்சு எழவில்லை.

நீலக் கடல், அதன் விளிம்பில் குறுகிய சிவந்த கரை, கரைக்குப் பின்னால் சுவர் வைத்தாற்போல் சிவந்த மலை. செங்கல்லின் சிவப்பு என்று சொன்னால் போதாது. நம் வீட்டுக் கோலத்துக்குக் காவி இடுகிறோமே, அந்தக் காவியின் நனைந்த நிறம். இந்த ஒப்புமை வெறும் அலங்காரமன்று. காவிக்கல்லுக்கு நிறம் தருவதும், திருநெல்வேலிச் சீமைத் தேரி மணலைச் சிவக்க வைப்பதும், இந்த மலையைச் சிவக்க வைத்திருப்பதும் ஒரே பொருள்தான். இரும்புத் துரு என்று அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

கரையில் கிடப்பது மணலென்று பெயரே தவிர, பெரும் பகுதி பரல்கள்தாம். ஒன்றைக் கையில் எடுத்தால் கனமே இல்லை, உடலெல்லாம் துளை. கொல்லன் உலைக்களத்தில் கொட்டிக் கிடக்கும் கிட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பூமியின் வயிற்றிலிருந்து காற்றுக் குமிழிகளோடு பொங்கி வந்த குழம்பு, வானத்தில் சிதறித் துண்டு துண்டாக விழுந்து குவிந்தது. சூடு ஆறுமுன் காற்றும் நீராவியும் பட்ட இடத்தில் அதிலுள்ள இரும்பு துருவேறிச் சிவந்தது; படாத இடம் கறுப்பாகவே நின்றுவிட்டது. சிவந்த மலையின் நடுவே கரிய பட்டைகள் ஓடுவது இதனால்தான்.

இந்தத் தீவைக் குடைந்து கடலாக்கிய பெரிய எரிமலை வெடிப்புக்கும் இந்தச் சிவப்பு மலைக்கும் சம்பந்தம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் பெரு வெடிப்பு நிகழ்ந்தது சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு. சிவந்த மலையோ பல லக்ஷம் ஆண்டுகளுக்கு முன்பே சிறு எரிமலையொன்று கக்கிய கிட்டக் குவியல். பெரியவனுடைய கோபத்துக்கு எவ்வளவோ முன்னால் சின்னவன் தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்டு அடங்கிவிட்டான்.

ஆனால் முழுவதும் அடங்கிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. கிட்டத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றனவே தவிர, பாறையைப் போல் இறுகியிருக்கவில்லை. அடிவாரத்தைக் கடலலை அரித்துக்கொண்டே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டில் பெருஞ் சரிவு ஒன்று ஏற்பட்டது. அதிலிருந்து கரைக்கு இறங்கக் கூடாதென்று அதிகாரிகள் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் கிட்டத்தின் துருவை அழகு என்று வியந்தேனோ, அந்தக் கிட்டந்தான் தலையிலும் விழக் கூடியது.

பலகை இருந்தது, பலகையைத் தாண்டிச் செல்லும் ஜனங்களும் இருந்தார்கள். கீழே பத்திருபது பேர், மலையின் நிழல் குளுமையாக இருக்கிறதென்று அதன் அடியிலேயே துணி விரித்துப் படுத்திருந்தார்கள்.

"அத்தான், வாருங்கள், ஐந்து நிமிஷத்தில் காலை நனைத்துவிட்டு வந்துவிடலாம்" என்றார் மைத்துனர்.

"பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள் என் மனைவி.

"எழுதியிருக்கிறது, அக்கா. எழுதியதைப் பார்த்தால் இங்கே யார் இருப்பார்கள்? இவ்வளவு பேரும் பைத்தியமா?"

"இவ்வளவு பேரும் எனக்குத் தம்பி இல்லை" என்றாள் அவள்.

கழுதை விஷயத்தில் அவ்வளவு பயபக்தியோடு சட்டத்துக்கு அடங்கியவர், இந்தச் சட்டத்தைத் துரும்பாக மதித்து இறங்கிவிட்டார். நான் நடுவில் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் இறங்க ஆசைதான். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, ஒரு பலகைக்காகத் திரும்புவதா என்று தோன்றிற்று. பத்தடி இறங்கியும் விட்டேன். அப்போது மலையிலிருந்து 'கலகல' என்று ஒரு சப்தம் வந்தது. பெரிய சப்தமன்று, முறத்தில் புளியங்கொட்டையைக் கொட்டினாற்போல் இருந்தது. கையளவுக் கற்கள் சில உருண்டு வந்து, படுத்திருந்த ஒரு தம்பதிக்கு நாலு முழம் தள்ளி விழுந்தன. சிவந்த புழுதி சிறிது நேரம் காற்றில் நின்றது. அவர்கள் எழுந்து, துணியை உதறி, சற்றுத் தள்ளி விரித்து மறுபடி படுத்துக்கொண்டார்கள்!

மைத்துனர் காலை நனைக்காமலே திரும்பி வந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் சாம்பலுக்கடியில் புதைந்த பழைய நகரம் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டில் ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் என்னும் கிரேக்க அறிஞர் அதைத் தோண்டத் தொடங்கினார். 1974-இல் அந்த அகழ்விடத்திலேயே விபத்துக்குள்ளாகி இறந்தார். தோண்டியது இன்னும் நகரத்தின் ஒரு சிறு பகுதிதான். அதற்குள்ளேயே இரண்டு மூன்று மாடி வீடுகள், கல் பாவிய தெருக்கள், தெருவுக்கடியில் சாக்கடை, ஆளுயரத் தானியக் குதிர்கள் எல்லாம் இருக்கின்றன. சுவரோவியங்களில் குரங்குகள் துள்ளுகின்றன. அவற்றின் வால் தூக்கிய பாவனையைப் பார்த்து, அவை நம் பாரத பூமியைச் சேர்ந்த லங்கூர்க் குரங்குகளே என்று 2019-இல் சில ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பீரா நகரத்துக் காட்சிசாலையில் அவற்றைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் குரங்கு விஷயத்தில் நமக்குள்ள சொந்தக்காரப் பாசமும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இந்தச் சாம்பலும் நம்மவருக்கு முற்றிலும் அந்நியமன்று. சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளேயும் இறுகும் தன்மை அதற்கு உண்டு. ஆகவே 1860-களில் சூயஸ் கால்வாய்க் கம்பெனியார் இதைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். எகிப்து தேசத்துக் குடியானவர்களைக் கட்டாய ஊழியத்துக்கு இழுத்து வந்து வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. நம் பாட்டனார் காலத்தில் சீமைக்குப் படிக்கப் போனவர்களும், நம்மை ஆள அங்கிருந்து வந்தவர்களும் அந்த வழியாகத்தான் கடந்தார்கள். சாம்பலை வெட்டும்போது அடியில் பழைய சுவர்கள் தட்டுப்பட்டன. இங்கே பூர்வீக மக்கள் வாழ்ந்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

அகழ்விடத்தில் என் மனைவி வெகு நேரம் நின்றது ஓவியத்தின் முன்னாலும் அல்ல, குதிரின் முன்னாலும் அல்ல. தெருவில் கிடந்த கட்டில்களைப் பற்றிப் படித்த இடத்தில் நின்றாள். மரம் மக்கிப் போய்விட்டது. சாம்பலில் அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி உருவத்தை வார்த்து எடுத்திருக்கிறார்கள். எரிமலை வெடிப்பதற்கு முன்னால் பூமி அதிர்ந்திருக்கிறது. வீடுகள் இடிந்தன. இடிபாட்டை ஜனங்கள் ஒதுக்கினார்கள், கட்டில்களை வெளியே கொண்டுவந்து போட்டார்கள், பழுதுபார்க்கவும் தொடங்கினார்கள். பிறகு திடீரென்று எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டார்கள். சாம்பலுக்கடியில் அகப்பட்டு மாண்டவர் எலும்பு இந்த நகரத்தில் இதுவரை கிடைக்கவில்லை. நகை நட்டும் கிடைக்கவில்லை. 1999-இல் ஒரு மரப்பேழைக்குள் அகப்பட்ட சிறிய பொன் ஆடு ஒன்றுதான் விதிவிலக்கு.

"எங்கே போனார்கள்?" என்றாள்.

அது யாருக்குத் தெரியும்? தீவை விட்டுத் தப்பினார்களா, கடலில் போகும்போதே வெடிப்பு அவர்களைப் பிடித்துக்கொண்டதா என்பதற்குச் சான்று இல்லை.

மாலையில் அக்ரோத்திரித் துறையில் ஒரு படகை அமர்த்திக்கொண்டு, செந்நிறக் கரையைக் கடலிலிருந்து பார்த்தோம். அதுதான் சரியான வழி. அஸ்தமன வெயில் பட்டபோது மலை முழுவதும் கனிந்த தணலாக மாறிற்று. படகோட்டி அறுபது வயதுக்காரர். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார். 2025-ஆம் ஆண்டு ஜனவரி கடைசியிலிருந்து சில வாரங்கள் இந்தத் தீவின் பக்கத்துக் கடலடியில் ஆயிரக்கணக்கான முறை பூமி அதிர்ந்தது. பூமிக்குள்ளே குழம்பு இடம் பெயர்ந்ததே காரணம் என்று ஆராய்ச்சியாளர் பின்னால் கூறினார்கள். பிப்ரவரியில் பதினாயிரம் பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் ஏறி வெளியேறினார்கள். பெரிய சேதம் ஒன்றும் ஏற்படவில்லை. அந்த நாட்களைப் பற்றி மைத்துனர் விசாரித்தார்.

"நான் போகவில்லை. படகை விட்டு எப்படிப் போவது? மனைவியையும் இரண்டு பெண்களையும் அனுப்பிவிட்டேன்" என்றார் கிழவர்.

"போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள்" என்றாள் என் மனைவி.

கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார். வீட்டுப் பத்திரம், பேத்தியின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அவருடைய தாயாரின் படம், ஒரு குப்பி ஊறுகாய். அதை ஏன் எடுத்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

"எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்களா?"

"மனைவியும் இளையவளும் ஈஸ்டருக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மூத்தவள் ஏதென்ஸிலேயே இருக்கிறாள். இங்கே கட்டிலில் படுத்தால் அசைவது போலவே இருக்கிறதாம்."

அவர் சுக்கானைத் திருப்பினார். மைத்துனர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, எங்களுக்குத் தெரியாதென்று எண்ணிக்கொண்டு, மெள்ளத் தண்ணீரில் நழுவவிட்டார். காலையில் அவர் வெறுங்கையோடு மேலே ஏறி வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கல் உடனே மூழ்கவில்லை. இரண்டு மூன்று முறை புரண்டுவிட்டுத்தான் அமிழ்ந்தது.