பல்லைப் பிடுங்குவது நோயா, கூலியா?

பல்வலி என்று சொன்னால் நம்மில் பலர் சிரிக்கிறோம். "இதெல்லாம் ஒரு வியாதியா? கிராம்பை வைத்துக் கடி. போகாவிட்டால் பிடுங்கி எறி" என்கிறோம். ஆனால் இரவு ஷிப்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மிஷின் முன் நிற்கும் மில் தொழிலாளிக்கு இது சிரிப்பு விஷயமல்ல. வீங்கிய தாடையோடு மஞ்சள் காட்டில் களை வெட்டும் பெண்ணுக்கும் அல்ல.

அவர்கள் தனியார் பல் டாக்டரிடம் போனால் என்ன நடக்கிறது? டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, பல்லைப் பிடுங்கிவிடுவது. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மற்றொன்று, வேர் சிகிச்சை செய்து, மேலே 'கேப்' மாட்டிப் பல்லைக் காப்பாற்றுவது. வேர் சிகிச்சைக்கு ரூ. 4,000, சாதாரணக் கேப்புக்கு ரூ. 5,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ. 9,000.

இந்தத் தொகையைக் கூலிக் கணக்கில் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டுக்கு 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ரூ. 336. அந்தக் கணக்கில் ஒரு பல்லின் விலை 27 நாள் கூலி! சிகிச்சைக்கு நாலு தடவை நடந்தால் அந்த நாலு நாள் கூலியும் போயிற்று. பஸ் சார்ஜ் தனி. ஒரு மாதம் முழுவதும் உழைத்ததை ஒரு பல்லுக்குக் கொடுக்க யாரால் முடியும்? ஆகவே "பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்கிறார் தொழிலாளி. காப்பாற்றக்கூடிய பல் குப்பைக்குப் போகிறது. அதைப் பிடுங்கியது நோயல்ல, கூலி!

கேப்புக்கு ஏன் இவ்வளவு விலை? வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் வலு குறைந்து, கடிக்கும்போது உடைந்துபோகக் கூடும். அதைத் தடுக்கவே கேப். டாக்டர் பல்லைச் சுற்றிலும் தேய்த்து, அச்சு எடுத்து, லேபுக்கு அனுப்புகிறார். அங்கே நம்மைப் போன்ற ஒரு தொழிலாளி அந்த வாய்க்கு மட்டுமே பொருந்தும்படி அதைச் செய்கிறார். உலோகக் கேப் விலை குறைவு. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது அதைவிடக் கூடுதல். சிர்கோனியா கேப் பல ஆயிரம் ரூபாய் அதிகம். லேப் கூலி, பொருளின் விலை, டாக்டரின் உழைப்பு, கட்டட வாடகை, மிஷினுக்கு வாங்கிய கடனின் வட்டி எல்லாம் அந்த ஒரு கேப்பில் சேருகின்றன. ஆகவே டாக்டரை மட்டும் வைவதில் பயனில்லை. வைத்தியத்தைக் கடைச்சரக்காக்கிய ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

தொழிலாளிக்கு இதில் உரிமை உண்டு. 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. அன்றைய சென்னை ராஜ்யத்தில் அந்தத் திட்டம் முதன்முதலில் அமலானது நமது கோவையில்தான், 1955 ஜனவரியில். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மாதம் ரூ. 15,000 சம்பளம் வாங்குபவர் பெயரில் மாதாமாதம் ரூ. 600, வருஷத்தில் ரூ. 7,200 சேருகிறது. இது தர்மப் பணமல்ல, நமது உழைப்பின் பணம். பல் கெட்டால் தனியாரிடம் ஓடுமுன் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதங்களைச் சேர்த்துச் சங்கத்தின் மூலம் மேலே அனுப்புவோம்.

விவசாயத் தொழிலாளிக்கு அந்த ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது. அவருக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியே கதி. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கியது. பின்னர் சிதம்பரத்திலிருந்த கல்லூரி அரசின் கைக்கு வந்தது. 2023இல் புதுக்கோட்டையில் ஒன்று திறந்தார்கள். கொங்கு நாட்டில்? கோவையிலும் திருச்செங்கோட்டிலும் குமாரபாளையத்திலும் இருப்பவை தனியார் கல்லூரிகளே.

சர்க்காரால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பிரிட்டனில் 1948இல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் வந்தது, பல்செட்டும் இலவசம். அதைக் கொண்டுவந்த மந்திரி அனூரின் பெவன், 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1951இல் கொரிய யுத்த காலத்து ஆயுதச் செலவுக்காகப் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அவரது சர்க்காரே முனைந்தது. பெவன் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். ஏழையின் பல் ஒரு மந்திரி பதவியைத் துறக்கும் அளவுக்குப் பெரிய விஷயம்தான்.

தனியாரிடம் போக வேண்டிய தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்காலியில் உட்காருமுன் கேளுங்கள்: கேப் எந்தப் பொருள்? வேர் சிகிச்சை இந்தத் தொகையில் சேர்ந்ததா? எத்தனை தடவை வர வேண்டும்? ரசீது உண்டா? வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப் போதுமா என்றும் கேளுங்கள், அது உறுதியானது. விலை குறைந்ததைக் கேட்பதில் வெட்கமில்லை.

நமது கோரிக்கைகள் மூன்று. ஈ.எஸ்.ஐ.யில் வேர் சிகிச்சையும் கேப்பும் தட்டாமல் கிடைக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் பல்லைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல், காப்பாற்றும் வைத்தியமும் இலவசமாக நடக்க வேண்டும். கொங்கு நாட்டில் ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரி வேண்டும்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் இருக்கும்போதே சொல்லுவோம், சேர்ந்து சொல்லுவோம்!