திறப்புக் கோர்வை



ஆகஸ்ட் விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம். பாடசாலைக்குத்தான் விடுமுறை, கந்தோருக்கு இல்லையே. காலை எட்டு மணிக்கே "அம்மா, இண்டைக்கு என்ன செய்யிறது?" என்று தொடங்கிவிடுவார்கள். இந்த முறை சேர்த்து வைத்திருந்த லீவில் ஒன்பது நாட்களை எடுத்து இரண்டு வேலைகளுக்கு ஒதுக்கினேன். ஒன்று, வீட்டை அடியோடு துப்புரவாக்குவது. மற்றது, எங்கள் தேவாலயத்தில் பிள்ளைகளுக்காக நடக்கும் ஐந்து நாள் நிகழ்ச்சியில் கைவேலைப் பகுதிக்குப் பொறுப்பாக நிற்பது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் வைப்பதிலேயே ஒரு சிக்கல். போதகர் அம்மா "சிறுவர் முகாம்" என்று அறிவித்தல் எழுதி ஒட்டினார். அதைப் பார்த்த ஒரு தாய் கேட்டார்: "என்னம்மா, திரும்பவும் முகாமோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அறிவித்தல் அன்று மாலையே மாறியது. பழைய பெயரான "விடுமுறை வேதாகமப் பாடசாலை" என்பதையே போட்டோம். இந்தப் பாடசாலைகளின் கதையும் ஒரு பெண்ணோடு தொடர்புடையதுதான். 1898 இல் நியூயோர்க் நகரில் ஹோஸ் என்ற அம்மையார், தெருவில் அலைந்த பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்க வேறு இடம் இல்லாமல் ஒரு மதுச்சாலையை வாடகைக்கு எடுத்து நடத்தினாராம். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தேவாலய வளவில் பெரிய வேம்பு நிற்கிறது.

முதலில் வீட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் வீடு துப்புரவாக்க ஆகஸ்ட்தான் தோதான மாதம். சோளகக் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும் என்பது உண்மை. ஆனால் ஐப்பசியில் மழை பிடித்தால் பிறகு ஒன்றையும் வெளியில் எடுத்துக் காயவைக்க முடியாது. டெங்குக் காலமும் அதோடு வந்துவிடும். ஒரு யோகட் கப்பில் நிற்கும் தண்ணீர் போதும், ஏழு தொடக்கம் பத்து நாட்களில் முட்டை நுளம்பாகிப் பறக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறோம். அந்த முட்டைகள் பாத்திரத்தின் உட்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரமில்லாமலே மாதக்கணக்காக உயிரோடிருக்கும். ஆகவே கானோ வாளியோ பூச்சாடித் தட்டோ, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

முதல் இரண்டு நாளில் எங்கள் குசினிக்குப் பின்னால் இருந்து எடுத்தவை: மூடியில்லாத கான்கள் ஏழு, நிவாரணத்துக்குத் தந்த நீலத் தறப்பாள் துண்டுகள், பால்மாப் பேணிகள், காலுடைந்த கதிரை இரண்டு, உரப்பை நிறையச் சொப்பிங் பைகள், எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத மூடிகள். இவர் பார்த்துவிட்டு "எல்லாம் குப்பை" என்றார். (இவருடைய பழுதான றேடியோக்கள் மூன்று அலுமாரிக்குள் இருக்கின்றன. அவை குப்பை இல்லையாம், திருத்தலாமாம்.)

சஞ்சிகைகளில் எழுதுவார்கள், ஒரு வருடமாகப் பாவிக்காத பொருளை எறிந்துவிடுங்கள் என்று. அப்படி எழுதுபவர்கள் 1995 ஒக்டோபர் 30 இரவு எங்களோடு தென்மராட்சிக்கு நடந்திருக்க மாட்டார்கள். அன்று எனக்குப் பதினைந்து வயது. அம்மா ஒரு கையில் தண்ணீர்க் கானும் மறு கையில் அரிசிப் பையுமாக நடந்தா. கைதடிக்குப் போவதற்கிடையில் கான் காலியாகிவிட்டது. அதன் பிறகு அம்மா ஒரு கானையும் எறிந்ததில்லை. வன்னியில் 2009 வரைக்கும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தறப்பாளின் பெறுமதி அது இல்லாமல் மழைக்குள் இருந்தவளுக்குத்தான் தெரியும்.

ஆகவே எங்கள் வீட்டில் வேறு கணக்கு வைத்தோம். நல்ல கான் இரண்டு, ஓட்டையில்லாத தறப்பாள் ஒன்று, கயிறு ஒரு சுருள், இவை அம்மாவுக்காகவும் எனக்காகவும் இருக்கும். மற்றவை போகும். இரும்பும் போத்தலும் பழைய இரும்புக்காரருக்கு. பிளாஸ்ரிக்கை முற்றத்தில் போட்டு எரிக்க வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும். கழிவு எடுக்க வரும் நாள்வரை கட்டி வையுங்கள். வளவைக் கொத்தித் துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் இருந்து அறியாத இரும்பு ஏதும் வெளிப்பட்டால் கை வைக்காமல், அடையாளம் இட்டுவிட்டுப் பொலிஸுக்கோ விதானையாருக்கோ சொல்லுங்கள். அந்தப் பொருளுக்குச் சண்டை முடிந்தது தெரியாது.

கழித்தவற்றில் யோகட் கப், அட்டைப்பெட்டி, சேலைத் துண்டு எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனேன். கைவேலைக்குக் காசு கொடுத்து ஒன்றும் வாங்குவதில்லை என்று முடிவு. இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. முதல் நாள் பிள்ளைகளிடம் சொன்னேன்: "நாளைக்கு எல்லாரும் வீட்டில வேண்டாத பொருள் ஒண்டு கொண்டு வாங்கோ. நிலத்தில கிடந்து எடுத்த இரும்பு மட்டும் கூடாது." பாதுகாப்பாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அறுபது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள். அதில் அயலிலுள்ள சைவப் பிள்ளைகளும் கணிசமானோர். அவர்களின் தாய்மாரிடம் முன்கூட்டியே பேசி, செபநேரத்தில் விரும்பாத பிள்ளை கைவேலை மேசையில் இருக்கலாம் என்று ஒழுங்கு செய்திருந்தோம். பிள்ளையைச் சோற்றுக்கும் சொக்கலேற்றுக்கும் இழுக்கிறார்கள் என்ற பேச்சு ஊரில் உண்டு, அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. பத்தரை மணிக்கு அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். ஆளுக்கு ஒரு பிடி என்று மூன்று கிலோ பயறு காணும் என்று கணக்குப் பார்த்தோம். முதல் நாளே முட்டி வழித்தாயிற்று, அடுத்த நாள் நான்கு கிலோ.

இரண்டாம் நாள் மேசை நிறையப் பொருட்கள். ஒற்றைச் செருப்பு, உடைந்த மணிக்கூடு, சிரட்டை, பேணி. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மூன்று திறப்புகள் உள்ள ஒரு கோர்வை கொண்டுவந்தான். துருப்பிடித்த பழைய திறப்புகள். "வீட்டில ஒண்டுக்கும் பூட்டாது ரீச்சர்" என்றான். சிரட்டையில் துளையிட்டு, திறப்புகளுக்குச் சிவப்பும் நீலமும் பெயின்ற் அடித்து, நைலோன் நூலில் கட்டி ஒரு காற்றுமணி செய்தான். காற்றுக்கு நல்ல சத்தம். நான் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டிப் பாராட்டி, வேப்பங்கொப்பில் முதலாவதாகக் கட்டினேன்.

அடுத்த நாள் காலை அவனுடைய தாய் வந்து நின்றா. முகம் வீங்கியிருந்தது. "ரீச்சர், அது அம்மான்ர மயிலிட்டி வீட்டுத் திறப்பு. ராத்திரி முழுக்கத் தேடினவ. சாப்பிடேல்லை."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கொப்பில் இருந்து அவிழ்த்து, மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். பெரிய திறப்புகள் இரண்டிலும் பெயின்ற் போய்விட்டது. சின்னத் திறப்பின் பல்லுக்குள் நீலம் போகவே இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

ஆச்சி முதலில் வெளியே வரவில்லை. விறாந்தையில் அரை மணித்தியாலம் இருந்தேன். பிறகு வந்து, கையை நீட்டி வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தா. "வேண்டாத பொருள் எண்டு ஆர் சொன்னது?" என்றா. நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "பிழை என்னிலதான் ஆச்சி. பொடியனை ஏசாதேங்கோ" என்றேன்.

1990 ஆனியில் மயிலிட்டியை விட்டு எழும்பினபோது முன்கதவு, பின்கதவு, அலுமாரி மூன்றையும் பூட்டியிருக்கிறா. இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்ற நம்பிக்கை. பிறகு உறவினர் வீடு, பாடசாலை, நலன்புரி நிலையம் என்று இருபத்தேழு வருடம். 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடப்பட்டபோது, கோர்வையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போயிருக்கிறா. வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் வளவையே மட்டுக்கட்ட முடிந்ததாம்.

"கதவில்லாத வீட்டுக்கு எதுக்கு ஆச்சி திறப்பு எண்டு இவளும் கேக்கிறவள்" என்று மகளைக் காட்டினா. "நான் பூட்டிப்போட்டு வந்தனான், பிள்ளை. சும்மா திறந்து விட்டிட்டு ஓடேல்லை. அதுக்கு வேற என்ன சாட்சி கிடக்கு என்னட்ட?"

காணி உறுதியும் அலுமாரிக்குள்தான் இருந்ததாம். அதற்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துவிட்டார்கள். உறுதி தொலைந்துபோன சகோதரிகள் கவனியுங்கள், காணி பதிவு செய்யப்பட்டிருந்தால் அங்கே பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆட்களின் பெயரும் முடிந்தால் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுகம். ஆனால் ஆச்சி பேசிக்கொண்டிருந்தது உறுதியைப் பற்றி இல்லை.

கடைசி நாள் பிள்ளைகளின் கைவேலைகளைப் பார்க்கப் பெற்றோர் வந்தார்கள். ஆச்சியும் வந்து பின்வாங்கில் இருந்தா. என்னோடு அதிகம் கதைக்கவில்லை. சேலைத் தலைப்பில் முடிச்சு இருந்தது. பேரன் புதிதாகப் பேணி மூடியில் செய்த காற்றுமணியை இரண்டு முறை தட்டிப் பார்த்தா.

நான் அன்று வீட்டுக்கு அவசரமாகப் போனேன். காரணம் இருக்கிறது. துப்புரவாக்கலின் இரண்டாம் நாள், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, அலுமாரிக்கு மேல் இருந்த பயணப்பையை இறக்கித் திறந்திருந்தேன். அது அண்ணாவின் பை. 1996 இல் ரியூசனுக்கென்று சைக்கிளில் போன அண்ணா திரும்பி வரவில்லை. அம்மா பையை யாரையும் தொடவிடுவதில்லை. சேட்டின் மடிப்புகள் இத்துப்போயிருந்தன. பூச்சியும் பிடித்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் எதையாவது கழித்துவிடலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன், சகோதரிகளே, மறைக்காமல் சொல்கிறேன். கட்டித் திரும்ப மேலே வைத்துவிட்டேன்.

"அம்மா, நான் அந்தப் பையைத் திறந்தனான்" என்றேன்.

"தெரியும். முடிச்சு வேற மாதிரிக் கிடந்தது."

அடுத்த நாள் இரண்டு பேருமாகத் திறந்தோம். சேட்டுகளை வெயிலில் போடாமல் நிழலில் காயவிட்டோம், வெயில் பட்டால் இத்த துணி இன்னும் இத்துவிடும். அடியில் கடதாசிகள். அண்ணாவின் தபால் அடையாள அட்டை, பாடசாலைச் சான்றிதழ், செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனபோது தந்த கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. துண்டில் மை ஏறக்குறைய அழிந்துவிட்டது. இன்னும் இரண்டு மாரி போயிருந்தால் அது வெறும் வெள்ளைக் கடதாசி.

இதைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சேட்டை வைத்திருப்பதா விடுவதா என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? ஆனால் கடதாசிகளை இந்த மாதமே வெளியே எடுங்கள். தொலைபேசியில் படம் பிடியுங்கள், இரண்டு போட்டோப் பிரதி எடுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மூலத்தை லமினேற் செய்யாதீர்கள், ஒருமுறை ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. றப்பர் வளையம் போடாதீர்கள், அது உருகி ஒட்டும். முறைப்பாடு கொடுத்த ஒவ்வொரு இடத்தின் துண்டும், ஆணைக்குழுக்களுக்குப் போனபோது தந்த இலக்கமும் பெறுமதியானவை. 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மரணப் பதிவு செய்யாமலே, இவர் காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அதைப் பெற்றால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாகாது. வங்கி, காணி அலுவல்களுக்கு உதவும். அதுவும் வேண்டாம், ஆளைத்தான் காட்டுங்கள் என்று நிற்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அவ சான்றிதழ் எடுக்கவில்லை. ஆனால் துண்டின் பிரதியை மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறா.

மற்றவற்றைத் திரும்ப அடுக்கும்போது பையின் சிப் கழன்று கையோடு வந்தது. உள்ளே பூஞ்சணம். "இது சரிவராது, புதுப்பை ஒண்டு வாங்குவம்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா.

"வாங்கிக்கொண்டு வா. ஆனா பழசை எறிஞ்சு போடாதை. அவன் கொண்டு திரிஞ்ச பை."

இப்போது எங்கள் அலுமாரிக்கு மேல் இரண்டு பைகள் இருக்கின்றன.