எந்த நோயை எதிர்க்கும் புல்?

ஜூன் மாத விடியற்காலையில் நியூ ஜெர்சியிலோ பென்சில்வேனியாவிலோ ஒரு புல்தரையைக் குனிந்து பார்த்தால், பனித்துளிகளுக்கு நடுவே சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள் படர்ந்திருப்பது சில நாட்களில் கண்ணில் படும். அது சிலந்தியின் வேலை அல்ல, பூஞ்சாணம். வெயில் ஏறினால் நூல் மறைந்துவிடும். பிறகு இலையின் குறுக்கே வெளுத்த பட்டை, அதன் ஓரத்தில் செம்பழுப்புக் கோடு. கடைசியில் வெள்ளி டாலர் காசு அளவுக்கு வைக்கோல் நிற வட்டம். இந்த நோய்க்கு 'டாலர் ஸ்பாட்' என்ற பெயர் அந்தக் காசால் வந்ததுதான்.

வீட்டுக்காரர் கடைக்குப் போய் 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று அச்சிட்ட விதைப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். எந்த நோய்க்கு எதிர்ப்பு என்று அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

பென்சில்வேனியாவின் மெரியன் கோல்ஃப் மைதானத்தில் 1936இல் அதன் பராமரிப்பாளர் ஜோசஃப் வாலன்டைன் கண்ணில் ஒரு திட்டு கென்டக்கி புளூகிராஸ் புல் பட்டது. சுற்றியிருந்த புல்லைவிடச் செழிப்பாக நின்றது. 'மெரியன்' என்ற பெயரில் அது ரகமாக வெளிவந்தபோது, அந்தக் காலத்துப் புளூகிராஸை வாட்டிய இலைப்புள்ளி நோயை நன்றாகத் தாங்கியது. நாடு முழுக்க விதைத்தார்கள். சில ஆண்டுகளில் துரு நோயும் கரிப்பூட்டை நோயும் அதே மெரியனை வெளுத்து வாங்கின. ரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நோய்க்குப் போட்ட பூட்டு இன்னொரு நோயைத் தடுக்காது.

அமெரிக்காவில் புல் ரகங்களை ஒப்பிட 1980 முதல் ஒரு தேசிய மதிப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. பல மாநிலங்களில் சிறு பாத்திகளில் ரகங்களை விதைத்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். நோய் அட்டவணையில் 9 என்றால் நோயே இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு ரகத்துக்கு 6.8, இன்னொன்றுக்கு 6.2 என்று வையுங்கள். முதலாவது மேல் என்று தோன்றும். ஆனால் அட்டவணையின் அடியில் ஓர் எண் இருக்கும். அந்த அளவுக்காவது இடைவெளி இருந்தால்தான் இரண்டும் வேறு என்று கொள்ளலாம். அது 0.9 என்றால், மேலே சொன்ன இரண்டும் ஒரே தட்டில்தான். அந்த அடி எண்ணைப் பார்க்காமல் முதல் ஐந்து ரகங்களைப் பட்டியல் போடுவது வீண் வேலை.

இன்னொரு பொறி: நோய் வராத ஆண்டில் எல்லா ரகத்துக்கும் 9 விழும். அதனால் சோதனைப் பாத்திகளுக்கு நடுவே எளிதில் நோய் பிடிக்கும் ரகம் ஒன்றும் இருக்க வேண்டும். அது வாடினால்தான் மற்றவை தாங்கியதற்குப் பொருள். நெல்லில் இது நமக்குப் பழக்கமான கதை. கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல், குலைநோய்க்கு உடனே ஆட்படும் என்பதற்காகவே வெளிநாட்டு ஆய்வு வயல்களிலும் நடப்படுகிறது. தோற்பதையே வேலையாகக் கொண்ட ரகம்!

குலைநோயைச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. 1990களில் அமெரிக்காவின் ரைகிராஸ் புல்தரைகளைச் சில நாட்களிலேயே கருக வைத்த சாம்பல் இலைப்புள்ளி நோய்க்குக் காரணம் அதே பூஞ்சாண இனம்தான்; நெல்லைத் தாக்கும் வகை வேறு, ரைகிராஸைத் தாக்கும் வகை வேறு. பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எதிர்ப்புள்ள செடிகளைப் பொறுக்கியெடுத்துப் புதிய ரகங்கள் உருவாக்கினார்கள். பழைய ரைகிராஸுக்கும் இவற்றுக்கும் இடையிலான வித்தியாசம் அட்டவணையே தேவையில்லாமல் கண்ணுக்குத் தெரியும்.

எதிர்ப்பு என்றால் நோயே அண்டாது என்று பொருளல்ல; குறைவாக வரும், மெதுவாகப் பரவும், அவ்வளவுதான். தழைச்சத்து குறைந்தால் டாலர் ஸ்பாட் ஏறும்; கோடையில் அள்ளிக் கொட்டினால் பழுப்புத் திட்டு நோயும் சாம்பல் இலைப்புள்ளியும் ஏறும். மாலையில் நீர் பாய்ச்சி இரவு முழுக்க இலையை ஈரமாக வைத்தால் நல்ல ரகமும் தடுமாறும்.

விதை வாங்கப் போகிறவர், போன கோடையில் தன் தரையில் வந்த நோய் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளட்டும். பிறகு தன் ஊருக்கு அருகே நடந்த சோதனையில், அந்த நோயின் பத்தியை மட்டும், சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்கட்டும். அதில் மேல் தட்டில் நிற்கும் இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து விதைப்பது, ஒரே ரகத்தை நம்புவதைவிட நல்லது.