முருகைக்கல் கடலிலேயே இருக்கட்டும்

கடந்த விடுமுறையில் என் தம்பி நிலாவெளிப் பக்கம் முழங்காலளவு நீரிலிருந்து கைப்பிடியளவு முருகைக்கல் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, கல்லை வைத்து, இரண்டு சிறு மீன்களையும் விட்டோம். "வெயில் பட்டால்தான் முருகை வளரும்" என்று தொட்டியை ஜன்னலோரம் வைக்கச் சொன்னவள் நான்தான். மூன்றாம் நாள் நீர் கலங்கி நாறியது. மீன்களும் செத்து மிதந்தன. உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோனார்.

நான் சொன்னது முழுப் பிழையல்ல. உயிருள்ள கற்கள், சூரியவெளிச்சம், காற்றுக்குமிழி ஆகியவற்றை மட்டும் கொண்டு, வடிகட்டும் கருவி இல்லாமலே கடல்மீன்களையும் முருகைகளையும் வீட்டில் வளர்க்கும் முறையை 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் எழுதியிருக்கிறார். இதன் இரகசியம் கல்லில்தான் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைக் கல்லின் மேற்பரப்பிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஒட்சிசன் எட்டாத உள்துளைகளிலுள்ள வேறு பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக வெளியேற்றுகின்றன. முருகையின் உடலுக்குள் வாழும் அல்காக்கள் வெயிலில் ஒளித்தொகுப்புச் செய்து அதற்கு உணவூட்டுகின்றன.

அப்படியானால் எங்கள் தொட்டி ஏன் நாறியது? வழியில் காய்ந்த கல்லிலிருந்த உயிர்கள் செத்து, அவையே அமோனியாவாகின. சிறு தொட்டி நீர் வெயிலில் விரைவாகச் சூடேறியது. வடிகட்டும் என்று நம்பிய கல்லே நஞ்சானது.

"சரியாகச் செய்திருந்தால் வளர்ந்திருக்குமே, ஒரு கல்தானே?" என்று சிலர் கேட்கலாம். வளர்ந்திருக்கலாம். ஆனால் நமது தொட்டி தெளிவாக இருப்பதற்குக் கடல் தன் வடியைக் கொடுக்க வேண்டும். பாறைபோல் வளரும் முருகை வகைகள் பல ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். தம்பி ஒரு நிமிடத்தில் பெயர்த்தது பல ஆண்டுகளின் வேலை. நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது இந்த முருகைக்கற்பாறைகளுக்காகவும்தான். அங்கே ஒரு துண்டு உடைப்பதும் சட்டப்படி குற்றம். வீட்டுக்கு ஒரு கல் என்று எடுத்தால் திருகோணமலையில் எத்தனை வீடுகள்!

கடலே இல்லாத ஊர்க்காரர் கடலைத் தொட்டியில் பார்க்க ஆசைப்படுவதில் நியாயம் உண்டு. அவர்களில் பலர்கூட இன்று காய்ந்த கல்லையோ செயற்கைக் கல்லையோ வைத்து, அதில் பற்றீரியா பெருகும்வரை வாரக்கணக்கில் காத்திருந்த பிறகே மீன் விடுகிறார்கள். கடலோரத்தில் பிறந்த நமக்கு அந்தப் பொறுமைகூட இல்லையென்றால் வெட்கம்.

மீன் வளர்க்க ஆசையா? கிணற்று நீர், மணல், நீர்த்தாவரம், நாலைந்து கப்பி மீன்கள், காலை வெயில் போதும். உயர்தர உயிரியலில் படிக்கும் அதே நைதரசன் வட்டத்தை அங்கேயும் பார்க்கலாம். தம்பி இப்போது அப்படித்தான் வளர்க்கிறான். பெற்றோரே, பிள்ளைகள் கடற்கரையிலிருந்து திரும்பும்போது அவர்களின் பைகளை ஒருமுறை பாருங்கள். தோழிகளே, முருகையைப் பார்க்க வேண்டுமானால் கடலுக்குப் போவோம். மிதிக்காமல், உடைக்காமல், பார்த்துவிட்டு வருவோம்.